பொதுப்பணியாளர் பெயரில் பல்கலைக்கழக விருது: பதக்கமா, படிப்புப் பணமா, கோடைக்கால வேலையா?

அமெரிக்காவில் அரசுப் பணியில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர் ஓய்வு பெறுகிறார், அல்லது மறைந்துவிடுகிறார். அவரிடம் வேலை பழகியவர்களும் குடும்பத்தாரும் கூடிப் பேசி, அவர் படித்த பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஒரு தலைமைப்பண்பு விருது நிறுவலாம் என்று முடிவெடுக்கிறார்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்த அமெரிக்கத் தமிழர்களுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். பல்கலைக்கழகத்தின் நன்கொடை அலுவலகத்தைப் பார்ப்பது, தொகை பேசுவது, தவணை போடுவது எல்லாம் பழகிய வேலைதான். மீதிப் பாதியில்தான் சிக்கல். இருக்கை என்றால் ஒரு பேராசிரியர் வந்து உட்கார்ந்துவிடுவார், வேலை நடக்கும். விருதை ஒவ்வோர் ஆண்டும் யாராவது புதிதாக நடத்தியாக வேண்டும்.

பேச்சு பெரும்பாலும் 'எவ்வளவு பணம்' என்றே தொடங்குகிறது. அதற்கு முன்னால் 'யார் கையில் கொடுக்கப் போகிறோம்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சாதித்த அதிகாரிக்கா, இனிமேல் அந்த வேலைக்கு வரவேண்டிய மாணவருக்கா? அதிகாரிக்கு என்றால் பதக்கம். மாணவருக்கு என்றால் மேற்படிப்புக்கான உதவித்தொகை, அல்லது கோடை விடுமுறையில் அரசு அலுவலகத்தில் வேலை பழகுவதற்கான பணம். நம் ஊர்க் கல்லூரிகளில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு போன்ற ஒன்றும் சிலர் மனதில் இருக்கும். செலவு குறைவு என்பது அதன் பலம். ஆனால் வந்தவர் தமக்குப் பிடித்ததைப் பேசிவிட்டுப் போவார், யார் பெயரில் கூட்டம் நடந்ததோ அவர் அழைப்பிதழோடு நின்றுவிடுவார். பதக்கத்தோடு சேர்த்து நடத்தினால் சொற்பொழிவுக்குப் பொருள் உண்டு, தனியாக வேண்டாம். முன்னாள் அதிகாரிகளை ஒரு செமஸ்டர் முழுக்கத் தங்கவைத்து மாணவர்களோடு பழகவிடும் முறையும் இருக்கிறது. ஜான் கென்னடி நினைவாக 1966-இல் தொடங்கிய ஹார்வர்டு அரசியல் கழகம் அதைச் சிறப்பாகச் செய்கிறது. சம்பளம், வீடு, தனி ஊழியர்கள் என்று அதற்கு ஆகும் செலவு நண்பர்கள் குழுவின் கைக்கு எட்டாது.

பணியில் இருப்பவருக்குப் பதக்கம்

இந்த வகைக்கு நல்ல முன்மாதிரி வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் யுனிவர்சிட்டியின் ரோஜர் டபிள்யூ. ஜோன்ஸ் விருது. ஜோன்ஸ் பட்ஜெட் பணியகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவர். 1959 முதல் 1961 வரை அமெரிக்க சிவில் சர்வீஸ் கமிஷனின் தலைவர், பிறகு வெளியுறவுத் துறையின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். அமெரிக்கர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் 1978-இல் தொடங்கிய அந்த விருது, மத்திய அரசில் நிரந்தரப் பணியில் உள்ள மூத்த நிர்வாகிகளுக்கு இன்றும் மதிப்புள்ள ஒன்று. தகுதியாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். தன் துறையை நல்ல பலன் காணும்படி நடத்தியிருக்க வேண்டும், தனக்குப் பின் பொறுப்பேற்கும் நிர்வாகிகளை வளர்த்தும் இருக்க வேண்டும்.

இரண்டாவது தகுதிதான் அந்த விருதின் உயிர். 'சிறந்த தலைமைப்பண்பு' என்று மட்டும் விதியில் எழுதினால் வரும் பரிந்துரைக் கடிதங்களில் 'அர்ப்பணிப்பு மிக்கவர், தொலைநோக்கு உடையவர், அனைவராலும் மதிக்கப்படுபவர்' என்றுதான் இருக்கும். பத்துக் கடிதம் வந்தால் பத்தும் ஒன்றுபோலவே தெரியும், குழு கடைசியில் பெரிய பதவியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடும். 'ஆள் வளர்த்தவர்' என்று விதி கேட்டால் கடிதம் எழுதுபவர் வேறு மாதிரி யோசித்தே ஆக வேண்டும். 'இவரிடம் உதவி ஆய்வாளராகச் சேர்ந்த மூவர் இன்று மூன்று பிராந்திய அலுவலகங்களின் தலைவர்கள். இவர் ஆறு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தபோது ஒரு கோப்பும் தேங்கவில்லை. காரணம், கையெழுத்து அதிகாரத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துக் கொடுத்திருந்தார்.' இப்படி ஒரு கடிதம் வந்தால் குழுவுக்கு வேலை எளிது. எனவே பரிந்துரைப் படிவத்தில் வெற்றுப் பக்கம் வைக்காமல், யார் பெயரில் விருதோ அவரிடம் இருந்த ஒரு தனிப் பழக்கத்தைக் கேள்வியாக வையுங்கள். பேரிடர் நிர்வாகத்தில் பெயர் வாங்கியவர் என்றால், 'தகவல் முழுமையாக வருவதற்கு முன் இவர் எடுத்த ஒரு முடிவையும் அதன் விளைவையும் எழுதுக' என்று கேட்கலாம்.

பதக்கத்தில் பலர் தடுக்கி விழும் இடம் சட்டம். மத்திய அரசு ஊழியர் வெளியாரிடம் விருது வாங்குவதற்கு நெறிமுறை விதிகள் உண்டு. விருதோடு சேர்ந்து கிடைக்கும் எல்லாவற்றின் சந்தை மதிப்பும் 200 டாலரைத் தாண்டினாலோ, சிறு தொகையானாலும் ரொக்கமாகக் கொடுத்தாலோ, அவருடைய துறையின் நெறிமுறை அலுவலர் எழுத்துமூலம் அனுமதிக்க வேண்டும். விருது முறையாகத் தொடர்ந்து வழங்கப்படுகிறதா, அல்லது தொடர்ந்து வழங்குவதற்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா, எழுதிவைத்த விதிகளின்படிதான் ஆளைத் தேர்ந்தெடுத்தார்களா என்று அவர் பார்ப்பார். புதிய விருதுக்குக் கடந்த கால வரலாறு இருக்காது. அதனால் முதல் ஆண்டு நிதி ஒப்பந்தத்தையும் தேர்வு விதிகளையும் காட்டித்தான் அனுமதி வாங்க முடியும். விதிகளை எழுதாமல் தொலைபேசியிலேயே பேசி முதல் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவர் பணத்தை வாங்க முடியாமல் போகும், மேடையில் எல்லாருக்கும் சங்கடம்.

விருது கொடுப்பவருக்கும் வாங்குபவரின் வேலைக்கும் தொடர்பு இருந்தாலும் அதே சங்கடம்தான். ஆய்வு மானியம் வழங்கும் துறையின் அதிகாரிக்கு, அந்த மானியத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பல்கலைக்கழகம் விருது கொடுத்தால் என்ன தோன்றும்? தேர்வுக் குழு கூடும் முன்பே இந்த ஒரு கேள்வியை வைத்துப் பெயர்களை வடிகட்டிவிடுவது நல்லது. மாநில, நகராட்சி ஊழியர்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டம் தனி.

பரிசுத் தொகைக்கு வருமான வரியும் உண்டு. வாங்குபவர் அதைத் தொடாமல், தாம் குறிப்பிடும் அறநிறுவனத்துக்கு நேராக அனுப்பச் சொன்னால்தான் விலக்கு கிடைக்கும். அதற்கும் அவர் தாமே விண்ணப்பித்திருக்கக் கூடாது. இவ்வளவையும் பார்த்தால், பதக்கம் கொடுப்பதானால் பதக்கத்தோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம். அந்தப் பணத்தை அவர் பெயரில் ஒரு மாணவருக்குக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு நோய், பரிந்துரைகள் வறண்டுபோவது. முதல் ஆண்டு நிறுவியவர்களின் நண்பர் வட்டத்திலிருந்தே பெயர்கள் குவியும். இரண்டாம் ஆண்டு மிச்சம் மீதி வரும். மூன்றாம் ஆண்டு குழுவினரே ஆளுக்கு ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். இதற்கு மூன்று வைத்தியம் உண்டு. தேர்வாகாத நல்ல பரிந்துரையை அடுத்த 2 ஆண்டுகளுக்கு உயிரோடு வைத்திருக்கலாம். விருது பெற்ற ஒவ்வொருவரும் மறு ஆண்டு ஒருவரையாவது பரிந்துரைக்க வேண்டும் என்று விதி எழுதலாம். துறைகளின் மனிதவள அலுவலகங்களுக்குப் பொது மின்னஞ்சல் அனுப்பாமல், பெயர் குறிப்பிட்ட ஓர் அதிகாரிக்குக் கடிதம் எழுதலாம். இதையெல்லாம் செய்யப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். 'துறை பார்த்துக்கொள்ளும்' என்ற வாய்மொழி உறுதி, துறைத் தலைவர் மாறியதும் காணாமல் போகும்.

விழா விருந்து வைத்துப் பணம் திரட்ட நினைப்பவர்கள் கவனிக்க ஒன்று: நுழைவுக் கட்டணத்தில் சாப்பாட்டின் மதிப்புக்கு வரிச்சலுகை கிடையாது. ஒருவர் 75 டாலருக்கு மேல் கொடுத்து அதற்கு ஈடாக விருந்தோ வேறு பொருளோ பெற்றால், அதில் எவ்வளவு கழியாது என்பதை அமைப்பாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பதக்கம் இருக்கிறது, மாணவருக்கான பணமும் இருக்கிறது. 1935-இல் அங்கே கட்டடக்கலை படித்து முடித்த ரவூல் வாலன்பர்க், 1944-இல் புடாபெஸ்டில் ஸ்வீடன் தூதரக அதிகாரியாக இருந்து ஆயிரக்கணக்கான யூதர்களைக் காப்பாற்றியவர். அவர் பெயரிலான பதக்கம் 1990-இல், யூத இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலி வீசலிடமிருந்து தொடங்கியது, பெறுபவர் வந்து உரையும் ஆற்றுவார். கூடவே, படிப்பை முடிக்கும் மாணவர் ஒருவருக்கு 25,000 டாலர் கொடுத்து ஓராண்டு பொதுநலப் பணிக்கு அனுப்பும் வாலன்பர்க் ஃபெலோஷிப்பும் உண்டு. அந்தப் பதக்கப் பட்டியலில் ஒரு பாடமும் இருக்கிறது. 2011-இல் அதைப் பெற்றவர் மியான்மரின் ஆங் சான் சூச்சி. ரோஹிங்கியாக்கள் விரட்டப்பட்டபோது அவர் மௌனம் காத்ததற்காக, வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை அருங்காட்சியகம் தான் வழங்கிய எலி வீசல் விருதை 2018-இல் திரும்பப் பெற்றது. பொதுவாழ்வில் இருப்பவரை, அதிலும் உலகறிந்தவரைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஆபத்து எப்போதும் கூடவே வரும். பெயர் தெரியாத இடைநிலை அதிகாரியைத் தேடிக் கண்டுபிடிப்பதில் உழைப்பு அதிகம், பயம் குறைவு, பெருமையும் அதிகம்.

மாணவரின் மேற்படிப்புக்குப் பணம்

முன்னாள் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் 1972 டிசம்பரில் மறைந்தார். அவருக்குச் சிலையோ மண்டபமோ கட்டாமல், பொதுப்பணிக்கு வரும் மாணவர்களுக்கான உதவித்தொகையையே தேசிய நினைவுச் சின்னமாக ஆக்கியது அமெரிக்க நாடாளுமன்றம். 1975-இல் சட்டம் வந்தது, 1977-இல் முதல் மாணவர்கள் தேர்வானார்கள். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவர்கள்தான் போட்டியிடலாம். அவர்களாக விண்ணப்பிக்க முடியாது, கல்லூரி முன்மொழிய வேண்டும். மேற்படிப்புக்கு 30,000 டாலர் வரை கிடைக்கும். பணத்தோடு ஒரு கடமையும் வரும்: மேற்படிப்பு முடிந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டு பொதுப்பணியில் இருக்க வேண்டும், தவறினால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கொள்கை முன்மொழிவும் எழுத வேண்டும். அது உண்மையிலேயே அந்தப் பதவியில் இருக்கும் ஓர் அதிகாரிக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ எழுதிய குறிப்பாக இருக்க வேண்டும். யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்றே தெரியாமல் 'அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதுபவர் அங்கேயே வெளிப்பட்டுவிடுவார்.

யூடல் உதவித்தொகை அளவில் சிறியது, 7,000 டாலர். அரிசோனாவின் மோரிஸ் யூடல் 1961 முதல் 1991 வரை மக்களவை உறுப்பினர். அவருடைய அண்ணன் ஸ்டூவர்ட் அதிபர்கள் கென்னடி, ஜான்சன் ஆட்சிகளில், பொது நிலங்களைக் கவனிக்கும் உள்துறையின் செயலராக இருந்து நிலமும் நீரும் காக்கப் பாடுபட்டவர். சுற்றுச்சூழல், பழங்குடியினர் கொள்கை, பழங்குடியினர் மருத்துவம் என்ற மூன்று துறைகளில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த உதவித்தொகை தரப்படுகிறது. விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும், யூடல் சகோதரர்களின் ஓர் உரையையோ, சட்ட முயற்சியையோ, எழுத்தையோ எடுத்துக்கொண்டு, அது தம் வேலைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று 800 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். ஆண்டுதோறும் உதவித்தொகை கிடைக்காதவர்கள் உட்பட நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அந்த இருவரையும் படிக்கிறார்கள். பெயர் பொறிப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. உங்கள் விருது எந்த வடிவத்தில் இருந்தாலும் இந்த ஒரு விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஏற்படும் கோளாறுகள் பெரும்பாலும் பணம் போகும் வழியில்தான். ஏற்கெனவே தேவை அடிப்படையில் கல்லூரி கிராண்ட் வாங்கும் மாணவருக்கு உங்கள் 5,000 டாலர் போனால், கல்லூரி தன் கிராண்டில் அதே 5,000 டாலரைக் குறைத்துக்கொள்ளக்கூடும். மாணவர் கைக்கு ஒரு டாலரும் கூடுதலாக வராது. கொடை ஒப்பந்தம் எழுதும் முன், 'இந்தப் பணம் முதலில் எதைக் குறைக்கும், கடனையும் வளாக வேலையையுமா, கிராண்டையா' என்று நிதியுதவி அலுவலகத்திடம் நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வரியிலும் இதே கவனம் வேண்டும். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் உதவித்தொகைக்கு வரி இல்லை. அதே பணம் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனால் வரி உண்டு.

தமிழர் குழுக்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் சுவர் இன்னொன்று. 'தமிழ் மாணவருக்கு மட்டும்' என்று விதி எழுத முடியாது. இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்து வேறுபாடு காட்டுவதை 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தடை செய்கிறது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023-இல் ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகு, பல்கலைக்கழகங்கள் இதில் முன்னைவிட எச்சரிக்கையாக இருக்கின்றன. ஆளின் பிறப்பை விட்டு, படிப்பையும் வேலையையும் விதியாக்கினால் தடை இல்லை. தமிழ் மொழிப் பாடம் எடுத்தவர், தென்னாசிய நிர்வாகம் பற்றி ஆய்வு செய்பவர், குடியேறிய சமூகங்களுக்கான பொதுச் சேவையில் வேலை பழகுபவர் என்று எழுதலாம். யார் வேண்டுமானாலும் அந்தத் தகுதியை அடையலாம் என்ற நிலை இருந்தால் போதும்.

கோடைக்கால வேலைக்குப் பணம்

மூன்றில் அதிகம் பேசப்படாததும், சிறிய நிதிக்கு மிகவும் பொருந்துவதும் இதுதான். வெள்ளை மாளிகையே தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022-இல்தான். கவுண்டி அலுவலகங்கள், மாநிலத் துறைகள், சட்ட உதவி மையங்கள் பலவற்றில் இன்னும் கோடைக்கால வேலை பழகுபவருக்குச் சம்பளம் இல்லை. வீட்டில் வசதி உள்ள பிள்ளை போகும், இல்லாத பிள்ளை உணவகத்தில் வேலைக்குப் போகும். மூன்றாம் ஆண்டு முடிவில் ட்ரூமன் போன்ற போட்டிகளுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் பிள்ளையிடம் காட்ட அனுபவம் இருக்கும், இரண்டாவது பிள்ளையிடம் இருக்காது. பொதுப்பணியாளர் பெயரில் விருது வைப்பவர்கள் சரி செய்யக்கூடிய நேரடியான அநியாயம் இது.

கணக்கு எளிது. வாரம் 40 மணி நேரம், 10 வாரம், மொத்தம் 400 மணி நேரம். மணிக்கு 15 டாலர் என்றால் 6,000 டாலர். வாடகை அதிகமான ஊர்களுக்கு 7,500 வைக்கலாம். இதைவிடக் குறைத்து இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆசை வரும். 3,000 டாலரில் பத்து வாரம் வாஷிங்டனில் தங்க முடியாது, வசதி உள்ளவர்தான் அதையும் எடுத்துக்கொள்வார். ஒருவருக்கு முழுதாகக் கொடுப்பதே நல்லது.

பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதும் தொகை அளவுக்கு முக்கியம். வேலை தொடங்க 3 வாரம் இருக்கும்போதே பாதி கொடுக்க வேண்டும், ஏனென்றால் வாடகை முன்பணமும் பயணச் சீட்டும் அப்போதுதான் வரும். ஐந்தாவது வாரம் 40 சதவீதம், இறுதிக் குறிப்பு வந்தபின் 10 சதவீதம். அறிக்கை வந்தபின் முழுத் தொகை என்று வைத்தால் விருதின் நோக்கமே போய்விடும்.

மத்திய அரசு அலுவலகங்களில் பின்னணிச் சரிபார்ப்புக்கு மாதக்கணக்கில் ஆகும். எனவே மே மாதம் அறிவிக்கும் விருது பயன்படாது. இலையுதிர் செமஸ்டரில் விண்ணப்பம் வாங்கி, பிப்ரவரிக்குள் 'இடம் கிடைத்தால் பணம் உண்டு' என்று நிபந்தனையோடு அறிவித்துவிட வேண்டும். பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்க வேண்டும். மேற்பார்வையாளர் யார், மாணவர் முடித்துத் தர வேண்டிய வேலை எது, வாரம் எத்தனை நாள் நேரில் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மேற்பார்வையாளர் பெயர் இல்லாத கடிதத்தோடு போனவர் பத்து வாரமும் நகல் எடுத்துக்கொண்டிருப்பார். தேர்தல் பிரசார அலுவலகங்களை விதியிலேயே விலக்கிவிடுங்கள். வரிவிலக்குப் பெற்ற பல்கலைக்கழகம் வேட்பாளருக்காக வேலை செய்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

வெளிநாட்டு மாணவர்கள் பற்றி முன்பே முடிவு செய்ய வேண்டும். மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடியுரிமை கேட்கும். எஃப்-1 விசாவில் இருப்பவர் நகராட்சியிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பழகலாம், ஆனால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் சிபிடி என்ற, படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சிக்கான அனுமதி கொடுத்த பிறகே தொடங்க வேண்டும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமான உதவித்தொகையாகக் கொடுத்தால், வரி விஷயத்தில் வெளிநாட்டவராகக் கருதப்படும் எஃப்-1 மாணவரிடம் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். 6,000 டாலர் என்றால் கையில் வருவது 5,160. அதை முன்னமே சொல்லிவிட்டால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

கடைசி நாள் அறிக்கையாக 'நான் கற்றுக்கொண்டவை' என்று கேட்க வேண்டாம். ட்ரூமன் விண்ணப்பத்தின் வழியில், தான் வேலை பார்த்த அலுவலகத்தின் தலைவருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதட்டும். எந்த ஒரு நடைமுறையை மாற்றலாம், செலவு என்ன, யார் கையெழுத்து வேண்டும். மேற்பார்வையாளர் அதைப் படித்துக் குறிப்பு எழுதித் தரட்டும்.

மூலதனமா, செலவழித்துத் தீர்ப்பதா

நன்கொடை அலுவலகம் பெரும்பாலும் நிரந்தர மூலதன நிதியைத்தான், அதாவது பணத்தை முதலீட்டில் வைத்து ஆண்டுக்கு ஒரு சிறு பங்கை மட்டும் செலவழிப்பதைத்தான், பரிந்துரைக்கும். பெயர் என்றென்றும் நிற்கும் என்பது உண்மை. எவ்வளவு பணம் வெளியே வரும் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூலதனத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் வரைதான் செலவுக்கு விடும். 60,000 டாலரை மூலதனமாக வைத்தால் 4 சதவீதத்தில் ஆண்டுக்கு 2,400 டாலர். ஒரு கோடைக்கால விருதில் பாதிகூட இல்லை. அதே 60,000 டாலரை 5 ஆண்டில் செலவழிப்பது என்று கொடுத்தால், ஆண்டுக்கு இருவர் வீதம் பத்து மாணவர்கள் முழுதாக வேலை பழகுவார்கள். வாலன்பர்க் ஃபெலோஷிப் போல ஆண்டுக்கு 25,000 டாலர் வேண்டுமானால், அதே 4 சதவீதத்தில் 6 லட்சத்து 25 ஆயிரம் டாலர் மூலதனம் தேவை.

மூலதன நிதியில் முதல் பணம் வருவதற்கும் காத்திருக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகை சேர வேண்டும், பிறகு பெரும்பாலும் ஓர் ஆண்டாவது முதலீட்டில் இருக்க வேண்டும். தவணையில் கொடுத்தால் இன்னும் தள்ளிப்போகும். சந்தை விழுந்தால் புதிய நிதியின் மதிப்பு கொடுத்த தொகைக்கும் கீழே போகும். 2008-இல் பல புதிய நிதிகளுக்கு அப்படித்தான் ஆனது. பென்சில்வேனியா தவிர மற்ற மாநிலங்களில் நடப்பிலிருக்கும், இத்தகைய நிதிகளுக்கான மாதிரிச் சட்டம் அப்போதும் செலவழிக்க அனுமதிக்கிறது, ஆனால் எச்சரிக்கையான பல்கலைக்கழகம் அந்த ஆண்டு விருதை நிறுத்திவைக்கலாம்.

ஆகவே ஒரு லட்சம் டாலருக்குள் கையில் இருந்தால் கோடைக்கால விருது, 5 ஆண்டுச் செலவு நிதியாக. அந்த ஐந்து ஆண்டில் பயன் பெற்ற மாணவர்களும் அவர்களின் மேற்பார்வையாளர்களும் எழுதித் தந்ததை வைத்து மூலதனம் திரட்டுங்கள், கேட்பது எளிதாகும். ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கை உடனே செலவுக்கும் மீதியை மூலதனத்துக்கும் பிரிக்கலாம், வடிவம் அதேதான். ஆறு லட்சத்தைத் தாண்டினால் ட்ரூமன் போலப் பணிக் கடமையோடு கூடிய மேற்படிப்பு உதவித்தொகையைப் பற்றிப் பேசலாம். பதக்கம் கடைசியில்தான், அதுவும் பொதுநிர்வாகத் துறை ஒன்று தன் ஊழியர் நேரத்தை எழுத்தில் ஒதுக்கித் தந்தால் மட்டும். வாஷிங்டன் போன்ற தலைநகரங்களில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு இந்த வரிசை மாறலாம், ஏனென்றால் பதக்கத்துக்குத் தகுதியானவர்கள் அங்கே நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு சொற்றொடர்கள்

பிரின்ஸ்டனின் கதை இரண்டு பக்கமும் பாடம் சொல்கிறது. 1961-இல் ராபர்ட்சன் குடும்பம், அரசுப் பணிக்கு, குறிப்பாக வெளியுறவுத் துறைக்கு, மாணவர்களைத் தயார் செய்வதற்கென்று 3 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தது. அரசு வேலைக்குப் போனவர்கள் மிகக் குறைவு, பணம் வேறு காரியங்களுக்குப் போகிறது என்று வாரிசுகள் 2002-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2008-இல் சமரசம் ஏற்பட்டது. குடும்பத்தின் வழக்குச் செலவுக்கு 4 கோடி டாலரும், அதே நோக்கத்துக்காகத் தொடங்கும் புதிய அறக்கட்டளைக்கு 5 கோடி டாலரும் தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. நோக்கத்தை எழுதிய குடும்பம், அதை எதை வைத்து அளப்பது, ஆண்டுதோறும் யார் பார்ப்பது என்பதை இறுக்கமாக எழுதியிருந்தால் ஆறு ஆண்டு வழக்கு தேவைப்பட்டிருக்காது. உங்கள் ஒப்பந்தத்தில், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், யாருக்குப் போனது, பெற்றவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்ற மூன்றையும் ஆண்டுதோறும் அக்டோபருக்குள் எழுதித் தர வேண்டும் என்ற வரி இருக்கட்டும்.

மறுபக்கம் 2020-இல் நடந்தது. முன்னாள் அதிபர் உட்ரோ வில்சனின் நிறவெறிக் கொள்கைகளைக் காரணம் காட்டி, பிரின்ஸ்டன் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து அவர் பெயரை எடுத்தது. ஆனால் முன்னாள் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் உட்ரோ வில்சன் விருதின் பெயரை எடுக்க முடியவில்லை. கொடையை ஏற்றபோது அந்தப் பெயரை வைப்பதாகச் சட்டப்படி ஒப்புக்கொண்டிருந்ததுதான் காரணம். பெயரை எடுக்கவே கூடாது என்று இறுக்குவதும் ஆபத்து, பல்கலைக்கழகம் நினைத்தபோது மாற்றலாம் என்று விடுவதும் ஆபத்து. 'மூல நோக்கம் நடைமுறையில் இயலாமல் போனால், குடும்பப் பிரதிநிதியைக் கலந்து, பொதுப்பணிக்கு வரும் மாணவர்களுக்கு உதவும் மிக நெருங்கிய வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம்' என்ற பொருளில் ஒரு வரி போதும். நன்கொடையாளர் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய முடியாது என்பதும் அதில் வரும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்வு நன்கொடையாளர் கையில் இருந்தால் வரிச்சலுகையே கேள்விக்குள்ளாகும். குழுவில் ஒரே ஓர் இடம் கேளுங்கள், சில பல்கலைக்கழகங்கள் அதையும் தராது.

யூடல் பாணிக் கட்டுரை விதி வேண்டுமானால் மாணவர்கள் படிக்க ஏதாவது இருக்க வேண்டும். இங்கேதான் பல குழுக்கள் வெறுங்கையோடு நிற்கின்றன. அந்த அதிகாரி எழுதியவற்றில் பத்துப் பன்னிரண்டு ஆவணங்கள் போதும்: நாடாளுமன்றக் குழு முன் அளித்த சாட்சியம், ஊழியர்களுக்கு எழுதிய சுற்றறிக்கை, ஒரு திட்டத்தை நிறுத்தச் சொன்ன குறிப்பு, ஓய்வு பெறும் நாள் உரை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர் பணியின் பகுதியாக எழுதியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது, அதனால் ரகசியமல்லாதவற்றை இணையத்தில் வைக்கலாம். மாநில அரசு ஆவணங்களுக்கு விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குடும்பத்தின் பரணில் இருக்கும் அட்டைப்பெட்டியைப் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கும்போது, ஒவ்வொரு தாளின் பின்புறமும் மென்மையான பென்சிலால் ஆண்டும், யாருக்கு எழுதியது என்பதும் குறித்துவிடுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும். அந்தத் தாளில் 'டாம்' என்று மட்டும் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பழைய சக ஊழியர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.